மீண்டு வரும் காய்ச்சல்

காய்ச்சல் தணிந்தால் நோய் நீங்கிற்று என்று மகிழ்கிறோம். அம்மகிழ்ச்சியைப் பொய்யாக்கும் காய்ச்சல் ஒன்று உண்டு. சில நாள்கள் உடலை அனலாய்க் கொதிக்கவைத்துத் திடீரென வியர்த்து அடங்கும். நோயாளி எழுந்து நடமாடுவார். ஏறத்தாழ ஒரு வாரம் கழிந்ததும் மீண்டும் படுக்கையில் வீழ்வார். இதனை மீள்காய்ச்சல் எனலாம்.

1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில், பிழைப்புத் தேடிப் பம்பாயில் வந்து குவிந்த ஏழை மக்களிடையே இந்நோய் பரவிற்று. அங்குப் பணியாற்றிய மருத்துவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர், 1877இல் நோயாளிகளின் குருதியில் திருகுச்சுருள் போல் நெளியும் நுண்ணுயிரிகளைக் கண்டார். பெர்லினில் ஓபர்மையர் என்பார் 1873இல் உலகிற்கு அறிவித்தவை அவையே. (கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் இந்தக் கார்ட்டர்தாம்.)

பஞ்சக் காய்ச்சல் என்றே அக்காலத்தார் இதனை அழைத்தனர். பசி கிருமியைப் பிறப்பிப்பதில்லை. ஆனால் மாற்றுடை இல்லாமை, நெருங்கிப் படுத்துறங்கும் நிலை ஆகியன ஆடை மடிப்புகளில் வாழும் சீலைப்பேனைப் பெருக்குகின்றன. இத்தொடர்பை 1907இல் நாசிக்கில் ஆய்ந்து காட்டியவர் மருத்துவர் மாக்கி. கிருமி பேனின் உடலுக்குள் அடைபட்டிருக்கும். அரிப்புத் தாளாமல் நாம் பேனை நசுக்கும்போது அது வெளிப்பட்டுக் கீறல் வழியே உடலுள் புகுகிறது. காய்ச்சலின் வெப்பம் பொறாத பேனோ பக்கத்தில் படுத்திருப்பவரை நாடிச் செல்கிறது!

நோய் ஏன் மீள்கிறது? நம் உடலின் காவற்படை கிருமியின் மேலுறையை அடையாளம் கண்டே அதனை அழிக்கிறது. உறையை மாற்றிக்கொண்ட சில கிருமிகள் தப்பிப் பெருகுகின்றன. உடல் அவற்றை இனங்காணும்வரை மீண்டும் காய்ச்சல்தான்.

உண்ணியால் பரவும் வகையும் உண்டு. ஆப்பிரிக்க மண்வீடுகளின் வெடிப்புகளில் பதுங்கியிருக்கும் மென்னுடல் உண்ணி, இரவில் வந்து குருதி குடித்து விடியுமுன் மறைந்துவிடும். உணவின்றிப் பல்லாண்டுகள் உயிர் வாழவும் வல்லது. காங்கோவில் இதனை ஆராய்ந்த டட்டன் என்னும் இளம் மருத்துவர் 1905இல் அங்கேயே உயிர்நீத்தார்.

பென்சிலின், டெட்ராசைக்ளின் ஆகிய மருந்துகளுக்கு இக்கிருமி அடங்கும். எனினும் மருந்து செலுத்திய சில மணி நேரத்தில் கடும் நடுக்கம் கண்டு நோயாளி நிலைகுலைவதுண்டு. அவ்வேளையில் மருத்துவர் அருகிருத்தல் வேண்டும். எத்தியோப்பியாவில், கூலி வேலை தேடி நகரங்களுக்கு வந்து ஓரறையில் பலராய்த் துயில்வோரிடையே பேன்வழிக் காய்ச்சல் இன்றும் காணப்படுகிறது.