தேகப்பயிற்சிக்கேற்ற நிறையுடை

உடலுறுதி பெண்மக்களுக்கும் இன்றியமையாததென்பதை இன்று மறுப்பாரில்லை. ஆயினும் ஸ்ரீவைகுண்டம் முதலிய பொருநைக்கரையூர்களில், உடையைப்பற்றிய கூச்சம் மாணவியரை விளையாட்டுவெளியினின்றும் விலக்கிவிடுதல் உண்டு.

மேனியை மூட விரும்புதல் இழிவன்று, அஃது உரிமையாம். நம் அயல்நாடாகிய தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் நெடுநாட் போராடி, 1859-இல் மேலாடையுரிமையை அரசாணையாற் பெற்றனர். தலைமறைப்புடன் ஆடுதற்குக் கால்பந்துச் சங்கமாகிய ஃபிஃபா 2014-இலும், கூடைப்பந்துச் சங்கமாகிய ஃபிபா 2017-இலும் இசைந்தன. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மானியப் பெண்கள் கணுக்கால்வரை மூடிய உடையிலேயே ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தனர்.

இனித் தெரிவுசெய்யும் முறை கூறுவாம். தடித்த பருத்தி வியர்வையை உறிஞ்சிக் கனக்கும், உலரத் தாமதிக்கும். நம்மூர் வெயிலுக்கு, விரைந்துலரும் மெல்லிய பாலியெஸ்டர் பனியன்துணி நன்று. நனைந்த வெண்டுணி உடலைக் காட்டுமாதலின் அடர்நிறம் தக்கது. காலை மாலைப் பயிற்சியில் அதன் வெம்மை மிகாது. மேற்சட்டை இடுப்பின்கீழ் இறங்குக. கைகளை உயர்த்தியும், குனிந்தும், குந்தியும் பார்த்தே வாங்குக. அளவிறந்த தளர்ச்சியும் தீது. தொங்கும் துப்பட்டா ஓட்டத்திற் காலைத் தடுக்கும், சைக்கிளிற் சக்கரத்திற் சிக்கும். தலைமறைப்பு ஊசியின்றித் தைக்கப்பட்டதாயிருத்தல் வேண்டும். மோதலில் ஊசி காயஞ்செய்யும்.

கல்லூரித் தலைவர்களுக்கும் எம் விண்ணப்பம் ஒன்றுண்டு. அணியுடையில் முழுக்கையும் முழுக்காலும் உள்ள வகையொன்றையும் வைப்பீர்களாயின், மைதானத்திற்கு வாராத சகோதரிமார் வருவர். மறைத்தல் யாவர்க்கும் கட்டளையாதல் வேண்டா. விரும்புவோர்க்குத் தடையாதலும் வேண்டா.