பின்சீட்டுக்காரர் உங்கள் பாலிசியில் இருக்கிறாரா?

ஸ்ரீரங்கம் உத்தர வீதிப் பழைய வீடுகளில் ரேழி என்று ஒன்று உண்டு. வாசல் கதவுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒடுங்கலான நடை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதற்குப் போதும். அண்ணன் வீட்டு ரேழியில் இப்போது நிற்பது இன்டர்செப்டர் 650. பெட்ரோலோடு சேர்த்துச் சுமார் 217 கிலோ. காலையில் அதை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். படியில் பலகை போட்டு, மகன் ஹேண்டில்பாரைப் பிடிக்க, அண்ணன் பின்கம்பியைப் பிடித்துத் தாங்க, மெதுவாக வீதிக்கு இறக்குவார்கள். வண்டி இறங்கிய பிறகுதான் மன்னி கோலம் போட உட்காருவார்.

வண்டியின் அழகைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. உருண்டை ஹெட்லைட், நீர்த்துளி போன்ற டேங்க், இரண்டு பக்கமும் நீளும் சைலன்சர். பார்த்தால் 1960-களில் ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் செய்த இன்டர்செப்டர்தான். ஆனால் 2018-ல் வந்த இது நம் சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலையில் உருவானது. 648 சிசி, இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன், ஆறு கியர், இரு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். காவிரிப் பாலத்து நெரிசலில் சாதுவாக வரும். கொள்ளிடம் தாண்டி பைபாஸில் ஏறிக் கையைத் திருப்பினால், பின்னால் இருந்த எனக்கு வயிற்றுக்குள் ஏதோ நழுவியது. இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு அது எப்படி இருக்கும் என்று புரிகிறது.

எனக்குக் கவலை தருவது நம் லைசென்ஸ் முறை. கியர் வண்டி லைசென்ஸ் எடுத்தவர் 100 சிசியும் ஓட்டலாம், 650-யும் ஓட்டலாம். ஐரோப்பாவில் அப்படி இல்லை. அங்கே சிறிய வண்டி, நடுத்தரம், பெரியது என்று லைசென்ஸிலேயே படிகள் உண்டு. நடுப்படிக்கு 35 கிலோவாட் வரம்பு. இன்டர்செப்டரின் சக்தி ஏறக்குறைய அதே 35 கிலோவாட். அதாவது, அங்கே நடுப்படியின் உச்சத்தில் இருக்கும் வண்டியில் இங்கே முதல் நாளே ஏறிவிடலாம். சட்டம் வைக்காத படியைக் குடும்பம்தான் வைக்க வேண்டும். ஆறு மாதமாவது சின்ன வண்டி, பிறகு விடிகாலை வெற்றுச் சாலையில் பிரேக் பழக்கம், அதற்கப்புறம்தான் பின்னால் ஆள்.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-ல் அறிவித்த வரம்பு 80 கி.மீ. இந்த வண்டி 160-ஐத் தொடும். கல்லணைச் சாலையில் திருப்பத்தில் மாடு நிற்கும், ஓரத்தில் மணல் படிந்திருக்கும். மணலில் ஏபிஎஸ்ஸும் ஓரளவுக்குத்தான் உதவும். இன்னொன்று, நம்மூர் சித்திரை வெயிலில் சிக்னலில் நின்றால் காற்றிலும் ஆயிலிலும் குளிரும் இந்த எஞ்சினின் அனல் தொடையில் அடிக்கும். சைலன்சர் இரண்டு பக்கமும் இருப்பதால், பின்னால் உட்காருபவர் எந்தப் பக்கம் இறங்கினாலும் கெண்டைக்கால் சுட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் மன்னி மகனோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை போய்வரக் கிளம்பினார். வண்டியைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. புடவை கார்டு இல்லை. "அது இருந்தா லுக்கே போயிடுது சித்தப்பா" என்றான். மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்சீட்டுக்காரருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. தலைப்பு சக்கரத்தில் சிக்கினால் ஓட்டுபவருக்குத் தெரிவதற்குள் ஆள் கீழே. வண்டி வாங்கும்போது இவை இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவது உங்கள் உரிமை. ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் ஒன்று தர வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸை எந்த கம்பெனியில் எடுப்பது என்பதும் உங்கள் முடிவு.

பாலிசியை எடுத்துக் காட்டச் சொன்னேன். பெரும்பாலான வீடுகளில் நடப்பதுதான் அங்கேயும் நடந்திருந்தது. புது வண்டிக்கு ஐந்து வருஷ தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். நம் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் சேர்த்துத் தருவார்கள். அது முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. "அஞ்சு வருஷம் இருக்கேப்பா" என்றார் அண்ணன்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி, அந்த வண்டியின் பின்சீட்டில் இருப்பவரைக் காப்பதில்லை. உச்ச நீதிமன்றம் 2006-ல் திலக் சிங் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் பிள்ளையின் தவறால் விழுந்து பின்னால் இருந்தவருக்கு அடிபட்டால், இழப்பீடு வண்டியின் சொந்தக்காரர் கையிலிருந்துதான் போகும். தேர்ட் பார்ட்டியோடு ஓன் டேமேஜும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசி இருந்தால் பின்சீட்டுக்காரருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு. 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு 2022-ல் நிர்ணயித்த தேர்ட் பார்ட்டி பிரீமியம் வருஷத்துக்கு ரூ.2,804. இந்த வகை வண்டியின் விலை மீதான ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் முதல் 40 சதவீதம். அவ்வளவு கொடுத்து வாங்குகிறவர்கள் ஓன் டேமேஜை மட்டும் மிச்சம் பிடிக்கிறார்கள். ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் கட்டாயம். அதுவும் வருஷத்தோடு முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்சீட்டுக்காரருக்கான விபத்துக் காப்பீட்டைத் தனியாகச் சேர்க்க முடியும்.

சைலன்சர் மாற்றுவது இன்னொரு மோகம். சத்தத்துக்கு 190(2) பிரிவில் ரூ.10,000 வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அல்லது ஆறு மாதம் வரை சிறை. விபத்துக்குப் பிறகு, சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி கிளெய்மை மறுக்கவும் வழி பிறக்கும். 2023 தீபாவளி சமயம் நம் மாவட்டத்தில் பைக்கில் பட்டாசைக் கட்டி வீலிங் செய்த வீடியோ பரவி, போலீஸ் கைது செய்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பதினெட்டு நிறையாத பிள்ளையிடம் சாவி கொடுத்துக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு ரூ.25,000 அபராதம், மூன்று வருஷம் வரை சிறை.

விபத்து நடந்துவிட்டால் முதலில் 108. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் உச்சவரம்புக்குள் இலவசம். 2025-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஏழு நாளுக்குள் ரூ.1.5 லட்சம் வரை. தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பவரை யாரும் பெயர், விலாசம் கேட்டுக் கட்டாயப்படுத்த முடியாது. 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு. புத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள் ஒன்றையும் விடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகலும் கையில் இருக்க வேண்டும். எம்.சி.ஓ.பி. என்னும் விபத்து இழப்பீட்டு வழக்கை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். 2019 திருத்தம் அதற்கு ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். மோதியவர் நிற்காமல் போயிருந்தாலும் வழி இருக்கிறது. மரணத்துக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000, கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும்.

வண்டியிலேயே குறை என்றால், ஒவ்வொரு சர்வீஸின் ஜாப் கார்டிலும் அந்தக் குறையை எழுத வையுங்கள். வாயால் சொன்னது நிற்காது. தீராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம், பிறகு திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே கிடையாது. கெடு இரண்டு வருஷம். கிளெய்மை மறுத்தால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார், அதற்கும் கட்டணமில்லை.

அண்ணன் மகன் மறுநாளே பரணிலிருந்து புடவை கார்டை எடுத்து மாட்டிவிட்டான். ஓன் டேமேஜ் காலாவதி ஆகியிருந்ததால், அதைப் புதுப்பிக்க வண்டியை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள் இன்சூரன்ஸ் கம்பெனியில். ரேழியில் நின்றால் நாலு பக்கம் ஏது? பலகையைப் போட்டு மறுபடி வீதிக்கு இறக்கினார்கள். அதற்குள் மன்னி புது ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்தார். கொண்டை இடித்தது. உள்ளே போய், கொண்டையைப் பிரித்துப் பின்னல் போட்டுக்கொண்டு வந்து, பட்டையை டக்கென்று மாட்டச் சொன்னார்.