டயலிசிஸ் செய்பவர்களின் தோல் வலி: மறைக்க வேண்டாம்

சீனி வருத்தம் முற்றி, சிறுநீரகம் செயலிழந்து, கிழமைக்கு இரண்டு மூன்று தடவை டயலிசிஸுக்குச் செல்வோர் எமது ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு அரிதாக வரும் ஒரு சிக்கல் கல்சிபிலாக்சிஸ். நான் வைத்தியர் அல்ல, ஆசிரியர். எனது மாமிக்கு வந்தபோதுதான் இப்பெயரையே கேள்விப்பட்டேன். பின்னர் வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்ததையே எழுதுகிறேன்.

சிறுநீரகம் வேலை செய்யாதபோது உணவிலுள்ள பொஸ்பரஸ் இரத்தத்தில் தேங்குகிறது. டயலிசிஸ் அதில் ஒரு பகுதியைத்தான் அகற்றும். கழுத்திலுள்ள பாராதைரொயிட் சுரப்பிகளும் அளவுமீறிச் சுரந்து எலும்பிலிருந்து கல்சியத்தை இழுக்கின்றன. கிணற்றுத் தண்ணீர் கொதிக்கும் கேத்தலில் வெள்ளையாகப் படிவதைப் போல, தோலுக்கும் அதன் கீழுள்ள கொழுப்புக்கும் இரத்தம் கொண்டுசெல்லும் மிகச் சிறிய நாடிகளின் சுவரில் கல்சியம் படிகிறது. நாடி அடைபட, அந்த இடத்துத் தோல் செத்துவிடுகிறது.

ஆனால் உடல் கேத்தல் அல்ல. இப்படிவைத் தடுக்கும் புரதம் ஒன்று நாடிச் சுவரிலேயே உண்டு. அது வேலை செய்ய விற்றமின் கே தேவை. இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை அந்த விற்றமினின் செயலைத் தடுக்கிறது. எனவே அதை எடுக்கும் டயலிசிஸ் நோயாளிகளுக்கு ஆபத்து கூடுதல். பெண்களுக்கும், பருமனானவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் அப்படியே. இதைக் கேட்டுவிட்டு யாரும் தாமாக வார்ஃபரினை நிறுத்திவிடக் கூடாது. அதனால் வேறு ஆபத்து வரும். முடிவு வைத்தியருடையது.

மாமிக்குத் தொடையில் வலை விரித்தாற்போல் கருநீல நிறம் வந்தது. தொட்டால் கல்லாக இருந்தது, தாங்க முடியாத வலி. புண் பிறகுதான் வந்தது. வந்த இடம் அப்படியென்பதால் பிள்ளைகளிடமும் சொல்லவில்லை, டயலிசிஸ் பிரிவிலும் சொல்லவில்லை. கட்டி என்று எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். கறுத்த பொருக்குப் பிடித்த பின்னரே வைத்தியர் பார்த்தார். இரண்டு மாதத்தில், கிருமி இரத்தத்தில் பரவி வபாத்தானார்.

இந்நோய் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஒரு வருடத்துக்குள் இறக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் புண்ணில் தொற்றும் கிருமிதான். டயலிசிஸின்போது சோடியம் தயோசல்பேட் என்ற மருந்தை ஏற்றுகிறார்கள். அதன் பலன் இன்னும் முழுதாக நிரூபிக்கப்படவில்லை. பொஸ்பரஸைக் கட்டுப்படுத்துவது, புண் பராமரிப்பு, வலி நிவாரணம் எல்லாம் சேர்ந்ததே சிகிச்சை. புண்ணாக முன்னரே தெரிந்தால் இவற்றுக்கு நேரம் கிடைக்கும்.

தொடை, வயிறு, பிட்டம் ஆகிய இடங்களில்தான் இது அதிகம் வருகிறது. எங்கள் பெண்கள் வாய்திறக்காமல் இருப்பதும் இதனால்தான். சிகிச்சைக்காக வைத்தியரிடம் காட்ட மார்க்கத்தில் அனுமதி உண்டு. கூச்சமானால் டயலிசிஸ் பிரிவிலுள்ள பெண் தாதியிடம் தனியாகச் சொல்லலாம். இன்சுலின் ஊசி குத்துபவர்கள், குத்தும் இடத்தில் தோல் கட்டியாகவோ நிறம் மாறியோ வலித்தால் அந்த இடத்தில் மீண்டும் குத்தாமல், அடுத்த டயலிசிஸ் நாள்வரை காத்திராமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.