ஆகாயத்தில் அசையாமல் நிற்பது எப்படி?

மூங்கில்துறைப்பட்டுக்கு அழகு தருவது தென்பெண்ணை ஆறு. சுற்றிலும் கரும்புத் தோட்டம். ஊரிலேயே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. வறண்டு மணலாகக் கிடக்கும் காலத்தில் அந்த ஆற்றைப் பார்த்தால், 'இந்தச் சாதுவா ஊரை மிரட்டும்?' என்று தோன்றும். ஆனால் 2024 டிசம்பர் 2-ம் தேதி விடியற்காலையில், மேலே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது, தென்பெண்ணையின் கோபம் எப்படிப்பட்டது என்று கரையோர ஜனங்கள் கண்டுகொண்டார்கள்.

அப்படிப்பட்ட வெள்ளத்தில் மொட்டை மாடியில் சிக்கிய ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். சாலை முழுகிவிட்டது. சுழிக்கும் நீரில் படகு வராது. ஆகாய விமானமோ தலைக்கு மேலே ஒரு விநாடிகூட நிற்காது. நின்று, கயிற்றை இறக்கி, குழந்தையையும் பாட்டியையும் தூக்கிக்கொள்ளக் கூடியது ஹெலிகாப்டர் ஒன்றுதான். 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளம் சூழ்ந்து, ரயிலோடு தவித்த பிரயாணிகளுக்கு உணவுப் பொட்டலம் போட்டதும் அதுதான்.

சரி, அது எப்படி அந்தரத்தில் நிற்கிறது?

உங்கள் கூடத்து மின்விசிறியை அண்ணாந்து பாருங்கள். அது காற்றைக் கீழே தள்ளுகிறது. பதிலுக்குக் காற்று அதை மேலே தள்ளுகிறது. கொக்கியை விட்டுக் கிளம்ப அதற்குப் பலம் போதவில்லை, அவ்வளவுதான்! ஹெலிகாப்டரின் இறக்கைகளுக்கு அந்தப் பலம் இருக்கிறது. சாதாரண விமானம், இறக்கையில் காற்றுப் படுவதற்காகத் தானே ஓட வேண்டும். இங்கே உடல் நிற்கிறது. இறக்கைகள் மட்டும் சுற்றி ஓடுகின்றன.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மிக்ஸியைப் போட்டதும் அது ஒரு குலுக்குக் குலுக்கித் திரும்பப் பார்க்கிறதல்லவா? அதுபோல, இறக்கை ஒரு பக்கம் சுற்றினால் ஹெலிகாப்டரின் உடல் மறுபக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வாலிலே ஒரு சின்ன விசிறி. இகோர் சிகோர்ஸ்கி என்பவர் 1939-ல் அமெரிக்காவில் இந்த அமைப்பைக் கொண்டு வெற்றி கண்டார். முதல் தடவை கிளப்பியபோது, ஓடிவிடாதபடி யந்திரத்தைத் தரையோடு பிணைத்திருந்தாராம்!

விமானியின் இடது கை இறக்கைகளின் சாய்வைக் கூட்டினால் ஏற்றம்; குறைத்தால் இறக்கம். வலது கை எந்தப் பக்கம் சாய்க்கிறதோ, அந்தப் பக்கம் பிரயாணம். கால்கள் இரண்டும் வால் விசிறியைக் கவனிக்கும். ஒரு கையால் குழம்பைக் கிளறி, மறு கையால் தோசையைத் திருப்பி, காலால் தொட்டிலையும் ஆட்டும் தாய்மார்களுக்கு இது புதிதா என்ன?

"ஐயோ, நடுவானில் என்ஜின் நின்றுவிட்டால்?" என்பீர்கள். கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் தணக்கு என்று ஒரு மரம் உண்டு. அதன் காய்க்கு இரண்டு சிறகுகள். கிளையை விட்டு விழும்போது தொப்பென்று விழாது. சுழன்று சுழன்று நிதானமாக இறங்கும். ஹெலிகாப்டரும் அப்படியே. விமானி சட்டென்று இறக்கைகளின் சாய்வைக் குறைத்துவிடுவார். கீழிருந்து மோதும் காற்றே இறக்கைகளைச் சுழற்றிக்கொண்டிருக்கும். தரை நெருங்கியதும் சாய்வைக் கூட்டினால், அந்தச் சுழற்சியின் சக்தியிலேயே மெல்ல இறங்கலாம். போதிய உயரமோ வேகமோ இருக்க வேண்டும். கை பதறக் கூடாது. அதனால்தான் விமானிகள் இதைத் திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள்.

நம் அரக்கோணத்திலுள்ள கடற்படைத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியில் ஹெலிகாப்டர் விமானிகளுக்குப் பயிற்சி நடக்கிறது. 2024 ஜூன் 7-ம் தேதி அங்கே பயிற்சி முடித்து வெளியே வந்தவர்களில் ஒருவர் அனாமிகா பி. ராஜீவ். இந்தியக் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி அவர்தான்!

இனி மாடிக்கு மேலே 'படபட'வென்று சத்தம் கேட்டுக் குழந்தைகள் ஓடி வந்தால், "அப்பாவைக் கேள்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். மின்விசிறியைக் காட்டி நீங்களே சொல்லிக் கொடுங்கள். கேட்பது பெண் குழந்தையானால், அனாமிகாவின் பெயரையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்.