அரசலாற்றங்கரை மணலில் இரண்டு மணிகள்

செல்லங்களே, காரைக்கால் கடற்கரையில் அரசலாறு கடலோடு கலக்கும் இடத்துக்குப் போயிருக்கிறீர்களா? ஐப்பசி, கார்த்திகையில் கடல் பொங்கி அடங்கியதும் மணலைக் கவனியுங்கள். வெளிர் மணலின் மேல் கறுப்பும் கருஞ்சிவப்புமாகப் பட்டைகள் படிந்திருக்கும். குனிந்து பார்க்கிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை! அந்தப் பட்டைக்குள் இரண்டு ரத்தினக் கற்களின் பொடி கிடக்கிறது.

ஒன்று கார்னெட். மற்றொன்று சிர்கான். வைரம், மாணிக்கம் போல இவை பேர் பெற்றவை அல்ல. ஆனால் நவரத்தினத்தில் வரும் கோமேதகம் கார்னெட் குடும்பத்துக் கல்தான்.

மேட்டு நிலப் பாறைகள் தேய்ந்து, காவிரி வழியே கடலுக்கு வந்த மணல் இது. சரி, கறுப்பும் சிவப்பும் மட்டும் எப்படித் தனியே பிரிந்தன? பாட்டி முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பதர் பறந்துவிடும், கனத்த மணி நிற்கும். அலையும் அப்படித்தான் புடைக்கிறது.

கனம் என்றால் எவ்வளவு? ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ. அதே இடத்தை அடைக்கிற சாதாரண மணல் கனிமம், அதாவது குவார்ட்ஸ், சுமார் 2.65 கிலோ. கார்னெட் ஏறக்குறைய 4 கிலோ. சிர்கான் 4.6 கிலோவுக்கும் மேலே! புரிகிறதா? அளவு ஒன்றுதான், எடைதான் வேறு.

கடினத்தில் இரண்டும் நெருங்கிய சொந்தம். வைரத்துக்கு 10 மதிப்பெண் என்றால் கார்னெட்டுக்கு 6.5 முதல் 7.5 வரை, சிர்கானுக்குச் சுமார் 7.5. கார்னெட் உடைந்தால் விளிம்பு கூராக நிற்கும். அதனால்தான் தச்சர்கள் மரம் தேய்க்கும் உப்புத்தாளில் அதை ஒட்டுகிறார்கள். சிர்கான் கடினமானதுதான், ஆனாலும் ஓரம் சட்டென்று சிதையும். பட்டை தீட்டிய சிர்கான் கற்களை ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனித் தாளில் மடித்து வைப்பது அதற்காகத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒளியின் விளையாட்டு. கார்னெட்டுக்குள் புகும் ஒளி ஒரே கதிராகப் போகும். சிர்கானுக்குள் புகுந்தால் இரண்டாகப் பிரியும். பட்டை தீட்டிய சிர்கானை லென்ஸ் வைத்துப் பார்த்தால், பின்பக்கக் கோடுகள் இரட்டை இரட்டையாகத் தெரியும்! சிர்கான் ஒளியை நன்றாக வளைக்கும், அதனால் மின்னும். இலங்கை மாத்தறையில் கிடைத்த நிறமற்ற சிர்கானை ஒரு காலத்தில் 'மாத்தறை வைரம்' என்றே அழைத்தார்கள். கடையில் விற்கும் 'அமெரிக்கன் டைமண்ட்' இதுவல்ல, அது மனிதர் செய்த கல்.

இலங்கைச் சிர்கானை ஆராய்ந்துதான் 1789-இல் கிளாப்ரோத் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் சிர்கோனியம் என்ற தனிமத்தைக் கண்டறிந்தார். சிர்கானுக்குள் மிகச் சிறிதளவு யுரேனியம் இருக்கும். அது காலப்போக்கில் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் கல்லின் வயது தெரிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் கிடைத்த ஒரு சிர்கான் துகளுக்கு வயது சுமார் 440 கோடி ஆண்டுகள்!

அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது ஒரு லென்ஸும் காந்தமும் கொண்டு போங்கள். ஒரு சிட்டிகை மணலை வெள்ளைத் தாளில் பரப்புங்கள். காந்தத்தில் சட்டென்று ஒட்டுகிற கறுப்புத் துகள் மேக்னடைட். கார்னெட்டில் இரும்பு உண்டு, ஆனால் அதை இழுக்க மிக வலுவான காந்தம் வேண்டும். சிர்கான் அதற்கும் அசையாது. பார்த்து முடித்ததும் மணலைக் கரையிலேயே போட்டுவிட்டு, கண்டதைப் படம் வரைந்து எங்களுக்கு அனுப்புங்கள்.