தொட்டிலுக்கு மேலே ஒரு கடல்!

புதுச்சேரியில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர். காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியவில்லை என்று என்னிடம் தைலம் வாங்க வந்து பழக்கமானவர். "தைலம் மட்டும் போதாதும்மா. வலிக்காத அளவுக்கு விரலுக்கு வேலையும் கொடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். வெந்நீரில் துணி பிழிவார் என்று நினைத்தால், அம்மணி களிமண் பிசையப் போய்விட்டார்!

புதுச்சேரிக்கு இது புதிதல்ல. 1971-ல் அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்கே 'கோல்டன் பிரிட்ஜ்' மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். அங்கே தொழில் கற்ற பலர் தனிப் பட்டறை வைத்தார்கள். அதனால் பீங்கான் வேலை சொல்லித்தர இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

பேரனுக்கு மூன்று மாதம் ஆனபோது டீச்சரம்மா என்னை வீட்டுக்கு அழைத்தார். கூடத்துச் சுவரைப் பார்த்து அசந்துபோனேன். நீலமும் பச்சையுமாகப் பீங்கான் அலைகள். நடுவே நீந்துகிற ஆமை. உள்ளே தொட்டிலுக்கு நேர் மேலே, காற்றில் ஆடும் ஏழு பீங்கான் மீன்கள்! ஒன்றோடொன்று உரசினால் 'கிண் கிண்' என்று சத்தம். குழந்தை கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு டாக்டர்?"

"மீனெல்லாம் பிரமாதம்மா. ஆனா முதல்ல இதை இங்கேயிருந்து கழட்டிடுங்க."

அவர் முகம் வாடிவிட்டது. ஒரு மீனைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்துக் காட்டினேன். 60 கிராம். ஏழும் சேர்ந்தால் 420 கிராம், கம்பி தனி. அத்தனையும் ஒரு நைலான் நரம்பில் தொங்குகிறது. வெயில் பட்டுப்பட்டு நைலான் இற்றுப்போகும். அறுந்து விழுந்தால்? நினைக்கவே பதறுகிறது!

பூச்சில் என்ன இருக்கிறது?

இன்னொரு விஷயம், மேலே பளபளக்கும் கண்ணாடிப் பூச்சு. குறைந்த சூட்டில் உருகுவதற்காகச் சில பூச்சுகளில் ஈயம் சேர்ப்பதுண்டு. சுவரில் மாட்டியிருக்கும்வரை தொல்லையில்லை. உடைந்த துண்டோ உதிர்ந்த பொடியோ குழந்தையின் வாய்க்குப் போனால்தான் ஆபத்து. ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாங்கும்போதே "ஈயம் இல்லாத பூச்சா?" என்று கேளுங்கள். வீட்டு பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் அமலில் இருக்கிறது. சுட்ட மண்ணுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் டப்பாவைப் பார்த்து வாங்குங்கள்.

"நிஜச் சிப்பியும் பவளமும் வாங்கிக் கோத்திருக்கலாமோ?" என்றார் டீச்சரம்மா.

வேண்டவே வேண்டாம்! பாளையங்கோட்டையில் படித்த எனக்குச் சங்கும் பலகறையும் பவளமும் மருந்துச் சரக்காகத்தான் அறிமுகம். அழகுக்காக அவற்றை அள்ளிக்கொண்டு வந்தால் கடல் என்ன ஆகும்? 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-ல் பவளப்பாறைகளையும் சிலவகைச் சிப்பி, சங்குகளையும் சேர்த்துவிட்டார்கள். மண்ணில் செய்த மீன்தான் கடலுக்கும் நல்லது.

நீங்களும் செய்யலாம்

* மண் காயும்போது சுருங்கும். துளையை ஈரத்திலேயே, கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

* நிழலில், திருப்பித் திருப்பி, நிதானமாகக் காயவிடுங்கள். நாங்கள் புடம் போடும்போது அகலில் ஈரமிருந்தால் நெருப்பில் வெடிக்கும். மீனுக்கும் அதே கதிதான்!

* காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

* கடற்கரை ஊரில் இரும்புக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் கோத்து மாட்டுங்கள்.

* விரல் மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் மண்ணைத் தொடாதீர்கள்.

தொட்டிலுக்கு மேலே ஏதாவது கட்டியே ஆகவேண்டுமா? லேசான துணி மீன் போதும், அதுவும் கை எட்டாத உயரத்தில். ஐந்தாம் மாதம் நெருங்கும்போது அதையும் எடுத்துவிடுங்கள். எழும்பிப் பிடித்து இழுத்தால் கயிறு கழுத்தில் சிக்கலாம்.

"அப்ப, இவ்ளோ பாடுபட்டுச் செஞ்சது யாருக்கு டாக்டர்?"

"பேரனுக்குத்தான். கூடத்து ஜன்னல் பக்கம் மாட்டுங்க. அவனைத் தூக்கிட்டுப் போய்க் காட்டுங்க."

அடுத்த முறை தைலம் வாங்க வந்தபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு. "டாக்டர், இப்பல்லாம் மீன் பார்க்கணும்னா என்னைப் பார்த்துதான் கையை நீட்டறான்!"