கைசிக இரவுக்கு ஒரு போர்வை

கார்த்திகை மாதத்து வளர்பிறை ஏகாதசியைக் கைசிக ஏகாதசி என்று பெருமாள் கோயில்கள் கொண்டாடுகின்றன. நான்கு மாத யோக நித்திரையிலிருந்து எம்பெருமான் கண்மலரும் புண்ணிய தினம் அது. பனி இறங்கும் காலமாதலால், பெருமாளுக்குக் குளிருமே என்று அடியார் உள்ளம் பதைக்கிறது. திருவரங்கத்தில் அன்றிரவு நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாற்றப்படுகின்றன. ஆண்டின் எந்த நாளிலேனும் வஸ்திர சமர்ப்பணத்தில் குறை நேர்ந்திருப்பின், அதனை நிறைவு செய்வதாக ஐதிகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கும் ரெங்கமன்னாருக்கும் 108 போர்வைகள் சாற்றும் வைபவம் நடைபெறுகிறது.

இந்நாளின் மகிமையை வராக புராணத்தில் வராகப் பெருமான் பூமிப்பிராட்டிக்கு உரைக்கிறார். பராசர பட்டர் இதற்கு வியாக்கியானம் அருளியுள்ளார். திருக்குறுங்குடி நம்பியைப் பாடித் துதிக்க இரவில் வந்த பாணர் குலத்து நம்பாடுவானைப் பிரம்மராட்சசன் வழிமறித்தான். "பாடிவிட்டுத் திரும்பி வருவேன்" என்று 18 சபதங்கள் செய்து விடைபெற்ற நம்பாடுவான், சொன்ன சொல் தவறாமல் திரும்பினார். கைசிகப் பண்ணில் தாம் பாடிய பாட்டின் பலனைத் தந்து அந்த ராட்சசனையும் கரையேற்றினார். வாயிலுக்கு வெளியே நின்று பாடிய அந்த அடியாருக்குக் காட்சி தருவதற்காகக் கொடிமரத்தையே விலகச் செய்தான் நம்பி என்பர். திருக்குறுங்குடிக் கொடிமரம் இன்றும் நேர்கோட்டிலிருந்து சற்றே விலகி நிற்கக் காணலாம். அங்கே நலிவுற்றிருந்த கைசிக நாடகம் 1999 ஆம் ஆண்டு புத்துயிர் பெற்று, ஏகாதசி இரவில் நம்பியின் திருமுன் நடிக்கப்பெற்று வருகிறது.

ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் இடைப்பட்ட எங்கள் திருப்பத்தூரிலும் கார்த்திகைக் குளிர் கடுமையானதே. எங்கள் தெருவில் நெடுநாள் தோழியரான இரு அம்மையார் உள்ளனர். தெருப் பிள்ளைகள் நடிக்கவிருந்த நம்பாடுவான் நாடகத்துக்கு வேஷ உடைகளும், உற்சவருக்கு ஒரு பஞ்சுப் போர்வையும் தைத்துத் தர இருவரும் சங்கல்பம் செய்துகொண்டனர். மூத்தவருக்குக் கை நடுக்கம். இளையவருக்குக் கண் மங்கல். மூத்தவர் ஊசியில் நூல் கோத்துத் தருவார் என்றால், நடுங்கும் கையால் அது இயலாது. ஆகவே அவர் துணியில் கோடு காட்டி, தையல் நேராகப் போகிறதா என்று பார்த்துச் சொல்வார். நூல் கோப்பது பேத்தியின் பொறுப்பு. தைப்பது இளையவர்.

ராட்சசனின் கறுப்பு அங்கி முதலில் முடிந்தது. பிள்ளை வளர்ந்தாலும் அடுத்த ஆண்டு பிரித்துவிட ஏதுவாக, உள்மடிப்பில் இரண்டு விரற்கடை துணி விட்டனர். பட்டாச்சாரியாரிடம் உற்சவரின் அளவைக் கேட்டுப் பெற்று, புதிய பருத்தித் துணி இரண்டுக்கு நடுவே மெல்லிய பஞ்சைப் பரப்பினர். பஞ்சு ஒருபுறம் ஒதுங்காதிருக்க நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஓட்டுத் தையல் போட வேண்டும். அந்தக் கட்டத்தில்தான் இளையவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"அக்கா, ஆம்பூரில் முப்பது வருஷம் செருப்புக்குத் தோல் தைத்த கை இது. பெருமாள் மேனியில் படுகிற துணியை நான் தைக்கலாமா?"

மூத்தவர் தயங்கவில்லை. "கொடிமரமே விலகின கதைக்குத்தானே அம்மா நாம் உடுப்புத் தைத்தோம்? நீ தை. உன் கைத் தையல் இல்லாமல் இந்தப் போர்வை முடியாது."

பட்டாச்சாரியாரும் அதையே சொன்னார். பக்தியோடு வருவதை ஏற்கும் பெருமாள், கொண்டுவரும் கையின் தொழிலைக் கேட்பதில்லை என்றார். தசமியன்று மாலை கடைசி ஓரம் மடித்துத் தைக்கப்பட்டது. ஏகாதசி இரவில் அப்போர்வை உற்சவரின் திருமேனியை அலங்கரித்தது. இளையவர் கண் மங்கலாலோ கண்ணீராலோ சேவையைத் தெளிவாகக் காண இயலாமல் நிற்க, மூத்தவர் அருகிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உழைத்து ஓய்ந்த கைகள் நம் இல்லங்கள் தோறும் உள்ளன. முதுமையில் ஒருவரால் தனித்து இயலாத கைங்கரியம், இருவர் கூடினால் இயலும். கோயிலில் முன்னதாகவே கேட்டு, அளவும் வழக்கமும் அறிந்து, புதுத் துணியில் தொடங்குங்கள். சொன்ன நாளில் முடித்துக் கொடுங்கள். சொல் காத்த நம்பாடுவானின் திருநாளுக்கு அதைவிடப் பொருத்தமான காணிக்கை வேறில்லை.